போர் வரலாறும் நூல் நட்பும்

நுழையும்முன்

கதை நூலொன்றைப் படித்து மகிழ்ந்தால், அதை உடனே நண்பரிடம் நீட்டிவிடுகிறோம். 'நன்றாக இருக்கிறது, படித்துப் பார்' என்னும் ஒரு தொடரே அதற்குப் போதும். போர் வரலாற்று நூலையும் அவ்வாறே நீட்டிவிட முடியுமா? ஒருவருக்கு வெற்றி வரலாறாக இருப்பது, அடுத்தவருக்கு வீடு எரிந்த வரலாறாக இருக்கக்கூடும். அத்தகைய நூல்களையும் ஆவணங்களையும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தமக்குள் பகிர்ந்துகொண்ட இருவரைப் பற்றி இப்பாடம் கூறுகிறது. அவர்களுள் ஒருவர் நம் காளிகாட்டுக்கு அருகில் வாழ்ந்தவர்.

*

காளிகாட்டில் வாழும் மாணவர்களே, உங்கள் அண்டை வீட்டில் வங்காளத் தாய்மார் குழந்தையை உறங்கவைக்கப் பாடும் தாலாட்டு ஒன்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குழந்தை உறங்கிவிட்டது, தெரு அடங்கிவிட்டது, நாட்டுக்குள் 'பர்கி' வந்துவிட்டான் என்று அப்பாட்டு தொடங்கும். நெல்லைப் பறவை தின்றுவிட்டது, இனி வரியை எதைக்கொண்டு கட்டுவது என்னும் கவலை அடுத்து வரும். தாலாட்டில் வரும் இந்தப் பர்கி யார்? உங்கள் வகுப்பிலுள்ள வங்காளத் தோழர்களைக் கேட்டால், 'கொள்ளைக்காரன்' என்பார்கள். மராட்டிய மாணவர் எவரேனும் உடன் இருந்தால், அவர் முகம் சற்றே வாடக்கூடும்.

பர்கி என்பது மராட்டியக் குதிரைவீரனைக் குறிக்கும் சொல்லாகும். சொந்தக் குதிரை இல்லாது, அரசு கொடுத்த குதிரையிலும் படைக்கலத்திலும் போரிட்ட வீரனை மராட்டியர் 'பார்கீர்' என்றனர். நாகபுரியை ஆண்ட ரகுஜி போன்ஸ்லேயின் படைகள் 1742 முதல் 1751 வரை வங்காளத்தின் மீது பலமுறை படையெடுத்தன. 'சௌத்' என்னும் நாலில் ஒரு பங்கு வரியைப் பெறுவது அவற்றின் நோக்கம். ஊர்கள் எரிந்தன, மேற்குக் கரையிலிருந்த மக்கள் ஆற்றைக் கடந்து கிழக்கே ஓடினர். அக்காலத்தில் வாழ்ந்த கங்காராம் என்னும் வங்காளக் கவிஞர் அத்துன்பத்தை 'மகாராட்டிர புராணம்' என்னும் நூலாகவே பாடிவைத்தார். கல்கத்தாவில் இருந்த ஆங்கில வணிகர்களும் அஞ்சினர். நகரைச் சுற்றி 1742இல் அகழி ஒன்றைத் தோண்டத் தொடங்கினர். 'மராட்டா அகழி' எனப்பட்ட அது முழுதும் முடியும் முன்பே கைவிடப்பட்டது. மராட்டியர் இந்நகருக்குள் வரவேயில்லை! பின்னாளில் அகழி தூர்க்கப்பட்டுச் சாலையாயிற்று. இன்று ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் பேருந்தில் செல்லும்போது, நீங்கள் அந்த அகழியின் தடத்தை ஒட்டித்தான் செல்கிறீர்கள்.

மராட்டியர் பக்கத்திலும் ஆறாத வடு ஒன்று உண்டு. அவர்களுடைய படைத்தலைவர் பாஸ்கர் பண்டிதரை வங்காள நவாபு அலிவர்தி கான் 1744இல் சமாதானம் பேச அழைத்தார். பேச வந்தவர் கூடாரத்திலேயே துணைத்தலைவர்களுடன் கொல்லப்பட்டார். வங்காளத்துக் குழந்தை எரிந்த ஊர்களைக் கேட்டு வளர்கிறது. மராட்டியக் குழந்தையோ வஞ்சகமாகக் கொல்லப்பட்ட பண்டிதரைக் கேட்டு வளர்கிறது. இருவரும் பிற்காலத்தில் ஒரே அறையில் அமர்ந்து போர் வரலாற்று நூல் படிக்க நேர்ந்தால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி அன்று. உண்மையிலேயே அவ்வாறு நேர்ந்தது.

*

காளிகாட்டிலிருந்து ராஷ்பிகாரி அவென்யூ வழியே கிழக்கு நோக்கி நடந்தால், நம்மவர் காய்கறியும் காப்பித்தூளும் வாங்கும் லேக் மார்க்கெட் வரும். அதற்கும் அப்பால் சென்று, தெற்கே ஏரியை நோக்கித் திரும்பினால் லேக் டெரஸ் என்னும் தெருவை அடையலாம். அத்தெருவின் 10ஆம் எண் வீட்டில் வாழ்ந்தவர் ஜதுநாத் சர்க்கார். அந்த வீடு இப்போது அவர் பெயரிலேயே அருங்காட்சியகமாகவும் ஆய்வு மையமாகவும் விளங்குகிறது.

ஜதுநாத் 1870இல், இன்று வங்கதேசத்தில் உள்ள ராஜசாகி மாவட்டத்தில் பிறந்தார். பாட்னாவில் நெடுங்காலம் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றினார். 1926 முதல் 1928 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். ஔரங்கசீப்பின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாகவும், முகலாயப் பேரரசின் வீழ்ச்சியை நான்கு தொகுதிகளாகவும் எழுதினார். அவற்றின் பெரும்பகுதி போர்களைப் பற்றியதே. அவர் 1958இல் மறைந்தார். இந்தியப் படை வரலாற்றைப் பற்றிய அவருடைய சிறுநூல் அதன் பின்னர் 1960இல் வெளிவந்தது. மலையும் ஆறும் மழையும் ஒரு நாட்டின் போர்முறையை எவ்வாறு வகுக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, உயர்வகுப்பு மாணவர்க்கு அதைத்தான் நான் முதலில் கூறுவேன். தடித்த தொகுதிகளைக் கண்டு மலைப்பவர்க்கும் அது ஏற்றது.

ஔரங்கசீப் தம் வாழ்நாளின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளைத் தக்காணத்தில், மராட்டியரோடு போரிட்டே கழித்தார். ஆகவே, அவர் வரலாற்றை எழுதப் பாரசீக ஆவணங்கள் மட்டும் போதா. மராட்டி மொழியில், அதுவும் 'மோடி' என்னும் விரைவெழுத்தில் எழுதப்பட்ட தாள்களையும் படிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் ஜதுநாத்துக்கு ஒரு துணை தேவைப்பட்டது.

அத்துணையாக வந்தவர் கோவிந்த் சகாராம் சர்தேசாய். ஜதுநாத்தைவிட ஐந்து ஆண்டுகள் மூத்தவர். பரோடா மன்னரின் அரண்மனையில் பணிபுரிந்தவர். மராட்டியர் வரலாற்றை 'மராட்டி ரியாசத்' என்னும் பெயரில் தொகுதி தொகுதியாகத் தம் தாய்மொழியிலேயே எழுதிவந்தார். அவருக்கு மராட்டி ஆவணங்கள் கைவசம் இருந்தன. பாரசீக ஆவணங்கள் எட்டவில்லை. ஜதுநாத்தின் நிலையோ இதற்கு நேர்மாறானது. ஒருவரிடம் இருந்தது மற்றவருக்கு வேண்டியிருந்தது. நட்பு இவ்வாறு தொடங்குவதில் குறையொன்றும் இல்லை; தேவையில் தொடங்கி அன்பில் முடிந்த நட்புகள் உலகில் பல.

20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தொடங்கிய அவர்களுடைய கடிதப் போக்குவரத்து ஜதுநாத்தின் இறுதிக்காலம்வரை தொடர்ந்தது. தொலைபேசியில் பேசிவிடும் காலம் அன்று அது. எந்த நூல் எங்கே கிடைக்கும், எந்தக் கையெழுத்துப்படி நம்பத்தக்கது, எந்தத் தேதி எந்தத் தேதியோடு முரண்படுகிறது என்பன போன்ற செய்திகளே அக்கடிதங்களில் மிகுதி. நூல்களும் படியெடுத்த தாள்களும் அஞ்சலில் நாட்டின் குறுக்கே சென்று வந்தன. ஓய்வுபெற்ற பின் சர்தேசாய் புனேவுக்கு அருகில் காம்ஷேத் என்னும் சிற்றூரில் குடியேறினார். ஜதுநாத் அங்கே சென்று தங்குவார். இருவரும் சேர்ந்து போர்க்களங்களையும் கோட்டைகளையும் நேரிற் சென்று பார்த்தனர். ஏட்டில் ஒரு வரியாக இருக்கும் கணவாய், காலால் நடக்கும்போது எத்தனை நாழிகை எடுக்கும் என்பதை அறியாமல் போரைப் பற்றி எழுதலாகாது என்பது அவர்கள் கொள்கை.

பரிந்துரை என்றால் நூலைப் பரிந்துரைப்பது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். புனேயில் 'பேஷ்வா தப்தர்' என்னும் ஆவணக் கிடங்கு இருந்தது. மராட்டிய ஆட்சிக்காலத் தாள்கள் அங்கே துணியில் கட்டிய பல்லாயிரம் மூட்டைகளாகக் கிடந்தன. அம்மூட்டைகளுக்கு 'ருமால்' என்று பெயர். ஆய்வாளர்களுக்கு அவற்றின் கதவு எளிதில் திறக்கவில்லை. அவற்றைப் பிரித்துப் படித்துப் பதிப்பிக்கத் தக்கவர் யார் என்னும் கேள்வி எழுந்தபோது, ஜதுநாத் பம்பாய் அரசுக்குச் சர்தேசாயின் பெயரைச் சொன்னார். அதன் பயனாக 1930களின் முற்பகுதியில் 45 தொகுதிகள் வெளிவந்தன. வங்காளத்தைக் கலங்கடித்த படையெடுப்புகளின் உள்ளிருந்த செய்திகளும் அத்தாள்கள் வழியே வெளிச்சத்துக்கு வந்தன. ஒரு வங்காளியின் பரிந்துரையால் ஒரு மராட்டியர் திறந்த பெட்டி அது.

அவர்கள் எல்லாவற்றிலும் உடன்பட்டனரா? இல்லை. ஜதுநாத் 1919இல் சிவாஜியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிவாஜியின் ஆற்றலைப் போற்றிய அந்நூல், அவருடைய அரசின் குறைகளையும் கூறியது. மகாராட்டிரத்தில் அதற்கு மறுப்புகள் எழுந்தன. இத்தகையவரோடு நட்புக் கொண்டதற்காகச் சர்தேசாயும் தம் ஊர் அறிஞர் சிலரின் கசப்புக்கு ஆளானார். ஆயினும், கடிதங்கள் நிற்கவில்லை.

பர்கிப் படையெடுப்பைப் பற்றி இருவருமே எழுதியுள்ளனர். டாக்காப் பல்கலைக்கழகம் 1948இல் வெளியிட்ட வங்காள வரலாற்றின் இரண்டாம் தொகுதிக்கு ஜதுநாத்தே பதிப்பாசிரியர். அதில் எரிந்த ஊர்களைக் காணலாம். சர்தேசாய் ஆங்கிலத்தில் எழுதிய மராட்டியரின் புதிய வரலாறு 1946 முதல் 1948 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. அதில் ரகுஜியின் உரிமைக் கோரிக்கையும் பாஸ்கர் பண்டிதரின் முடிவும் மராட்டியர் நிலையிலிருந்து கூறப்படும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஓர் உண்மை தெளிவாகும். 'மராட்டியர் வந்தனர்' என்று நாம் ஒரே சொல்லில் கூறிவிடுகிறோம். 1743இல் ரகுஜியை எதிர்த்து, அலிவர்தி கானுக்குத் துணையாக வங்காளத்துக்குள் வந்தவர் யார் தெரியுமா? மராட்டியப் பேஷ்வா பாலாஜி பாஜிராவ்! மராட்டியரே மராட்டியரைத் துரத்தினர். ஒரு நூலை மட்டும் படித்து, தாலாட்டை மட்டும் நினைவில் வைத்திருப்பவருக்கு இது வியப்பாகவே இருக்கும்.

*

இதில் தமிழருக்கு என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சிக் கோட்டைக்கு வருவோம். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போனவர்கள் சாலையிலிருந்தே அதைக் கண்டிருப்பீர்கள். ராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்துக் கட்டிய கோட்டை அது.

சிவாஜி 1677இல் தெற்கே படையெடுத்து வந்தபோது, பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள் வசம் இருந்த செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் 1689இல் கொன்றபின், இளைய மகன் ராஜாராம் தப்பிச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டிய அரசின் தலைநகரமே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது எனலாம். முகலாயப் படைத்தலைவர் சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை 1698இன் தொடக்கத்தில்தான் வீழ்ந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்! அதற்குள் ராஜாராமும் தப்பிவிட்டார்.

ஏன் இத்தனை காலம்? இந்தக் கேள்விக்கு விடை தேடுகையில்தான் போர் நூல் படிப்பதன் சுவை தெரியும். மூன்று குன்றுகளையும் முழுமையாகச் சூழ்ந்துகொள்ள எந்தப் படையாலும் இயலவில்லை. ஏதேனும் ஒரு புறம் வழி திறந்தே இருந்தது. சாந்தாஜி, தனாஜி என்னும் மராட்டியத் தலைவர்கள் 1692இன் இறுதியில் பெரும் குதிரைப்படையுடன் வெளியிலிருந்து தாக்கினர். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் அகப்பட்டனர். அவர்களுடைய பாசறையில் தானியம் அருகியது. ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் எதிரிகளோடு மறைமுகத் தொடர்பு வைத்திருந்ததாகக் கண்டு, சொந்தப் படைத்தலைவர்களே அந்த இளவரசனைக் காவலில் வைத்தனர். பின்னர் முகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது.

இவற்றையெல்லாம் நாம் எவ்வாறு அறிகிறோம்? அந்தப் பாசறையில் பீம்சேன் என்னும் ஒருவர் இருந்தார். பர்கான்பூரைச் சேர்ந்தவர், முகலாயர் பக்கம் போரிட்ட தல்பத் ராவ் பந்தேலாவிடம் பணியாற்றியவர். தாம் கண்டவற்றைப் பாரசீக மொழியில் நினைவுக்குறிப்பாக எழுதிவைத்தார். போர்ச் செய்திகளுக்கிடையே தமிழ்நாட்டுக் கோயில்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். செஞ்சியை முன்பே பிடித்திருக்கலாம், தலைவர்கள் வேண்டுமென்றே காலம் கடத்தினர் என்பது அவருடைய ஐயம். போர் நீடித்தால் படைத்தலைவனுக்குப் பதவியும் நீடிக்கும் அல்லவா? தம் தலைவரின் தலைவரைப் பற்றியே ஒருவர் இவ்வாறு எழுதுவது எளிதன்று. அதனால் அவர் சொல்லுக்கு எடை கூடுகிறது. ஆயினும், அவர் கண்டது முகலாயப் பாசறையை மட்டுமே. கோட்டைக்குள் இருந்தவர்களின் பசியை அவர் அறியார்.

பீம்சேனின் நூலைத் தேடிப் படித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, செஞ்சி முற்றுகையை ஔரங்கசீப் வரலாற்றின் ஐந்தாம் தொகுதியில் விரிவாக எழுதியவர் ஜதுநாத். அந்தத் தொகுதி 1924இல் வெளிவந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் தலைவராக இருந்த பிரான்சுவா மார்த்தேனின் குறிப்புகளையும் அவர் பயன்படுத்தினார். பின்னர், தமிழ்நாட்டு வரலாற்றறிஞர் சி.எஸ். சீனிவாசாச்சாரி 'செஞ்சியும் அதன் ஆட்சியாளரும்' என்னும் பொருளில் ஆங்கில நூலொன்றை எழுதினார். அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது. முகலாயர் முற்றுகையைக் கூறும்போது அவர் ஜதுநாத்தின் நூல்களைத் துணையாகக் கொண்டார். பாரசீகம் பர்கான்பூர்க்காரரிடமிருந்து வங்காளியிடம் வந்து, அவரிடமிருந்து தமிழரிடம் வந்தது. நம் ஊர்க் கோட்டையின் கதை, நீங்கள் இப்போது வாழும் நகரத்தின் வழியாக நமக்குத் திரும்பி வந்திருக்கிறது.

செஞ்சியைப் பற்றிப் பேசினால் தேசிங்குராசனை விட முடியாது. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். தேசிங்கு என்றவுடன் குதிரையும் உடன் வரும். முகலாயர் செஞ்சியைப் பிடித்தபின் பந்தேலர் குலத்துச் சுவரூப் சிங் அதன் கோட்டைத் தலைவரானார். அவர் 1714இல் இறந்தார். செலுத்த வேண்டிய வரிப்பாக்கியைக் கேட்டு ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் நெருக்கினார். இளைஞரான அவர் மகன் தேஜ் சிங் பணியவில்லை. சிறுபடையுடன் பெரும்படையை எதிர்த்து, அதே ஆண்டில் களத்தில் மடிந்தார். அவரே நம் தேசிங்கு. மக்கள் அவரைக் கதைப்பாடலாக்கினர். பெரிய எழுத்துப் பதிப்புகளாக அது ஊர்தோறும் விற்றது. தேசிங்கின் உயிர்த்தோழன் ஓர் இசுலாமியர். அவர் தம் திருமணத்தையும் விட்டுவிட்டு நண்பனுக்காகப் போருக்கு வந்து மடிகிறார் என்று பாடல் கூறும்.

கதைப்பாடலை வரலாறு என்று நண்பரிடம் கொடுத்தால் தவறு. வரலாறு இல்லை என்று தள்ளிவிட்டாலும் தவறுதான். வரிப்பாக்கி எவ்வளவு, படை எத்தனை பேர் என்று அதில் தேடக்கூடாது. பத்து மாதமும் ஆளாத, வடக்கிலிருந்து வந்த குலத்து இளைஞர் ஒருவரைத் தமிழ் மக்கள் ஏன் தம்மவராக்கிக்கொண்டனர் என்பதற்கு விடை அப்பாடலில்தான் இருக்கிறது. நவாபின் கணக்கேட்டில் இல்லை. சீனிவாசாச்சாரியும் தம் நூலில் அப்பாடலை ஒதுக்காமல் எடுத்து ஆராய்ந்திருக்கிறார்.

*

வகுப்பில் ஒருமுறை, படித்த வரலாற்று நூல் ஒன்றைத் தோழர்க்குப் பரிந்துரைக்குமாறு கூறினேன். மூவர் 'பொன்னியின் செல்வன்' கொண்டுவந்தனர். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த அரிய புதினம்தான். நானும் விரும்பிப் படித்ததே. ஆனால், அது புதினம் என்பதைச் சொல்லாமல் கொடுத்தால், வாங்குபவர் நந்தினியைக் கல்வெட்டில் தேடத் தொடங்குவார். எனவே, பரிந்துரைக்கும்போது நூலின் வகையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நினைவுக்குறிப்பா, ஆய்வு நூலா, புதினமா, கதைப்பாடலா? ஆசிரியர் போர் நடந்தபோது இருந்தாரா, இருநூறு ஆண்டுகள் கழித்து எழுதினாரா? எந்தப் பாசறையிலிருந்து பார்த்தார்? எவருடைய குரல் அந்த நூலில் கேட்கவில்லை? வரைபடம் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைச் சிறிதென எண்ணாதீர்கள். வரைபடமில்லாத போர் நூலைப் படிப்பது விளக்கில்லாத தெருவில் நடப்பது போன்றது.

இன்னொரு செய்தி உங்களுக்கே உரியது. நீங்கள் வங்காளத் தோழர்களோடு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள். சோழர் வரலாற்றை அவர்களிடம் சொல்லும்போது, 'எங்கள் இராசேந்திரன் உங்கள் நாட்டை வென்றான்' என்னும் தொடர் எளிதில் நாவில் வந்துவிடும். ஏறத்தாழ 1023இல் நிகழ்ந்த அந்தக் கங்கைப் படையெடுப்பை முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கிறது. தண்டபுத்தித் தன்மபாலன், தக்கணலாடத்து இரணசூரன், வங்காள தேசத்துக் கோவிந்தசந்தன் ஆகியோர் தோற்றனர் என்றும், மகிபாலன் களத்தை விட்டு ஓடினான் என்றும் அது கூறும். தக்கணலாடம் என்பது கங்கைக்கு மேற்கே உள்ள தென் ராடப் பகுதி. ஆற்றைக் கடந்தால் நமக்கு அருகில்தான். சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' இதைத் தெளிந்த தமிழில் எடுத்துரைக்கும். தமிழிற் படிக்க அதைவிட நல்ல நூலை நான் அறியேன்.

ஆனால், மெய்க்கீர்த்தி என்பது வென்றவரின் அவையில் எழுந்தது. மொகஞ்சதாரோவைக் கண்டறிந்த வங்காள அறிஞர் ராக்கல்தாஸ் பானர்ஜி, மகிபாலன் சோழரைக் கங்கைக்கு இப்பாலேயே தடுத்துவிட்டான் என்று எழுதினார். அவன் கருநாடரை வென்றதாகக் கூறும் வடமொழி நாடகம் ஒன்றைச் சான்றாகக் காட்டி, அக்கருநாடர் சோழரே என்றார். கருநாடர் என்னும் சொல் சோழரைக் குறிக்காது என்று நீலகண்ட சாஸ்திரி மறுத்தார். என் தனிக்கருத்தைக் கேட்டால், இந்த வழக்கில் சாஸ்திரியின் பக்கமே வலுவானது என்பேன். அதற்காகப் பானர்ஜியின் நூலை மறைத்துவிட்டுப் பண்டாரத்தாரை மட்டும் தோழர்க்குக் கொடுப்பேனா? மாட்டேன். ரமேஷ் சந்திர மஜும்தார் பதிப்பித்த வங்காள வரலாற்றின் முதல் தொகுதியை (1943) உங்கள் தோழர் வீட்டிலிருந்தே வாங்கிவரச் சொல்லுங்கள். அவர் பண்டாரத்தாரைத் தமிழில் படிக்க இயலாதே என்றால், நீங்கள் அப்பகுதியை வங்காள மொழியில் அவருக்குச் சொல்லலாம். ஜதுநாத்துக்குச் சர்தேசாய் செய்த உதவி அதுதான். இரு மொழியும் அறிந்த உங்களுக்கு, சென்னையில் படிக்கும் உங்கள் உறவுப் பிள்ளைகளுக்கு இல்லாத வாய்ப்பு இது.

*

இந்நூல்களை எங்கே தேடுவது? காளிகோயிலின் பின்னே ஓடும் ஆதிகங்கையைப் பாலத்தில் கடந்தால் அலிப்பூர். அங்கே பெல்வெடெர் மாளிகை வளாகத்தில் தேசிய நூலகம் இருக்கிறது. 1903இல் இம்பீரியல் நூலகமாகத் திறக்கப்பட்ட அது, நாடு விடுதலை பெற்றபின் பெயர் மாறி இவ்விடம் வந்தது. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியையும் பதிப்பாளர் அங்கே அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே, அங்கே தமிழுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஜதுநாத் சேர்த்துவைத்த நூல்களும் கையெழுத்துப்படிகளும் அந்நூலகத்தில்தான் உள்ளன. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூல் தொகுதியும் அதே நூலகத்தில் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமைக்காரரின் ஏடுகளும் ராஜசாகிக்காரரின் ஏடுகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன; நாம் வாழும் இடத்திலிருந்து நடக்கும் தொலைவில்.

செயல்திட்டம்

அஞ்சலட்டை அளவுள்ள தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போரைப் பற்றி நீங்கள் படித்த நூல், பாடம், கதைப்பாடல் ஆகியவற்றுள் ஒன்றின் பெயரை மேலே எழுதுங்கள். அதன் வகை, ஆசிரியர், ஆண்டு, அவர் எந்தப் பக்கமிருந்து பார்த்தார் என்பவற்றை நான்கு தொடர்களில் கீழே எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு பகுதியையும், நம்ப இயலாத ஒரு பகுதியையும் சொந்தச் சொற்களில் குறியுங்கள். அட்டையின் மறுபுறத்தை வெறுமையாக விட்டு, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கொடுங்கள். அதே போரை வேறு பக்கமிருந்து கூறும் நூலையோ பாட்டையோ வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர் அங்கே எழுதி வரவேண்டும். தாலாட்டும் சேரும்.